வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்யலாம்

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். படம் பார்த்தாயிற்று. கேம்ஸ் விளையாடியாயிற்று. மின்சாரக் கட்டணத்தையும் ரயில் டிக்கெட்டையும் அதிலேயே முடித்தாயிற்று. வீட்டில் யாருக்காவது பாடத் தெரியும் என்றால் அடுத்த கேள்வி தானாகவே வரும். "இதில் பாட்டு கேட்க மட்டும்தான் முடியுமா? பாட்டு எடுக்க முடியாதா?"

தாராளமாக முடியும். 1992இல் வெளிவந்த ரோஜா படத்தின் இசை, ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து அமைத்த ஸ்டூடியோவில் உருவானது. அவரிடம் இருந்த கருவிகள் நம்மிடம் இல்லை என்பீர்கள். சரி, அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற இளம் பாடகியின் 2019ஆம் ஆண்டு ஆல்பம், பெரும்பாலும் அவருடைய அண்ணனின் படுக்கை அறையில் பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டு அதற்கு கிராமி விருது கிடைத்தது. ஆக, அறை சின்னது என்பது ஒரு தடையே இல்லை. தடையாக இருப்பவை வேறு சில. அவற்றில் ஒன்றில் நான் நன்றாகவே மாட்டிக்கொண்டேன். அதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

என் அப்பத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சிவகங்கை பக்கம் ஒரு கிராமம். நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் மணிக்கணக்கில் பாடுவார். எதுவும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் நினைவிலிருந்துதான். ஒரு பொங்கல் விடுமுறையில் நண்பர் ஒருவரிடம் மைக் இரவல் வாங்கி, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். சென்னைக்கு வந்து கேட்டால், அப்பத்தா குரல் உயரும் இடத்திலெல்லாம் கரகரவென்று ஒரே இரைச்சல். மைக்கின் அளவை முழுதாக ஏற்றி வைத்திருந்தேன். சத்தம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன். நான் பகலெல்லாம் புரோகிராம் எழுதுபவன். எங்கள் தொழிலில் எந்தத் தப்புக்கும் அன்டூ உண்டு. ரெக்கார்டிங்கில் சில தப்புகளுக்கு அது கிடையாது.

ஒலி எப்படி எண்ணாகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மைக்கின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. நீங்கள் பாடும்போது காற்று அதிர்கிறது, சவ்வும் அதிர்கிறது, அந்த அதிர்வு மின் அலையாக மாறுகிறது. கம்ப்யூட்டருக்கு அலை தெரியாது, எண்தான் தெரியும். எனவே அந்த மின் அலையின் உயரத்தை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. ஆடியோ சிடியில் இது நொடிக்கு 44,100 தடவை. ஏன் இவ்வளவு? மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒரு அலையைத் திரும்ப உருவாக்க வேண்டுமானால் அதன் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது கணக்கு. வீடியோவில் சேர்க்கப் போகும் ஒலி என்றால் 48,000 வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 96,000, 192,000 என்றெல்லாம் இருக்கிறது. நம் வேலைக்கு அது ஹார்ட் டிஸ்க்கை நிரப்பத்தான் உதவும்.

ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பதுதான் பிட். 16 பிட் என்றால் அளவுகோலில் 65,536 கோடுகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். கோடுகள் அதிகமாக இருப்பதால், மெதுவாகப் பதிவான ஒலியைப் பின்னால் உயர்த்தினாலும் நுணுக்கம் கெடாது. ஆனால் அளவுகோலின் உச்சி ஒன்றுதான். அதை 0 டெசிபல் என்பார்கள். அதற்குக் கீழே உள்ள எல்லாம் மைனஸில் வரும். உச்சியைத் தாண்டி ஒலி வந்தால் எழுத அங்கே கோடு இல்லை. கம்ப்யூட்டர் என்ன செய்யும்? உச்சி எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிவிடும். மலை போல இருக்க வேண்டிய அலையின் தலை கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடும். இதற்குத்தான் கிளிப்பிங் என்று பெயர். என் அப்பத்தா பாட்டில் நடந்தது இதுவே. சீவப்பட்ட தலை எப்படி இருந்தது என்பது பைலில் எங்குமே இல்லை. இல்லாததை எந்த சாப்ட்வேரும் திரும்பத் தராது. ஊகித்து வரைந்து தரும், அவ்வளவுதான்.

பின்னால் வால்யூமைக் குறைத்தால் சரியாகாதா என்று கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். கரகரப்பு மெதுவாகக் கேட்டது.

என்னென்ன வேண்டும்?

லேப்டாப்பில் உள்ள மைக் பேசுவதற்கு மட்டுமே. பாட்டுக்கு அது ஆகாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு யுஎஸ்பி மைக் போதும். அதற்குள்ளேயே எண்ணாக்கும் சிப் இருக்கிறது. நேராக யுஎஸ்பி போர்ட்டில் செருகிவிடலாம். மேடையில் பார்க்கும் கனமான மைக்கை இணைக்க வேண்டுமானால் நடுவில் ஆடியோ இன்டர்பேஸ் என்ற சிறு பெட்டி தேவை. ஸ்டூடியோவில் காணும் கண்டென்சர் மைக் சிலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரமும் அந்தப் பெட்டியிலிருந்தே போகும். கண்டென்சர் மைக் மிக நுணுக்கமாகக் கேட்கும். அடுத்த தெரு ஆட்டோவையும் சேர்த்துக் கேட்கும். அதனால் சத்தமான வீட்டில் டைனமிக் மைக்தான் நல்லது என்பது என் கருத்து.

ஹெட்போன் கட்டாயம். காதை முழுதாக மூடும் வகை வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வந்து சேரும், தாளம் போட முடியாது. அதன் மைக்கையும் பயன்படுத்தினால் ஒலித்தரமே டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும். ஒயர் உள்ள சாதாரண ஹெட்போன் இதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சாப்ட்வேருக்கு ஆடாசிட்டி. முற்றிலும் இலவசம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் டொமினிக் மஸோனி, ரோஜர் டேனன்பர்க் என்ற இருவர் தொடங்கிய வேலை இது. 2000ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். தேடினால் வரும் மற்ற தளங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக டவுன்லோட் பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் வேறு எதுவோ வந்து இறங்கும். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் காரேஜ்பேண்டைப் பயன்படுத்தலாம், அதுவும் இலவசம்தான். கீழே சொல்லும் மெனுக்கள் ஆடாசிட்டியின் 3 என்று தொடங்கும் பதிப்புகளில் உள்ளபடி. உங்களுடையதில் ஒன்றிரண்டு இடம் மாறி இருக்கலாம், பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் அறையைத் தயார் செய்யுங்கள்

காலி அறையில் கை தட்டிப் பாருங்கள். "டிங்" என்று ஒரு வால் நீளும். சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி அது. பாட்டுக்குள் அது புகுந்துவிட்டால் பிரித்து எடுப்பது மிகக் கடினம். நம் வீடுகளில் சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர் என்று எல்லாமே எதிரொலிக்கும். தரையில் பாயும் அதன் மேல் ஜமுக்காளமும் விரியுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டிக் கனமான போர்வை இரண்டைத் தொங்க விடுங்கள். மைக் பெரும்பாலும் முன்னால்தான் கேட்கும், அதன் முன்னால் இருப்பது பாடுபவரும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரும். போர்வை அந்தச் சுவரை மறைக்கத்தான். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் உதவும். பட்டுப்புடவைகள் இதற்காவது வெளியே வரட்டும்.

அடுத்து பேன். நிறுத்தித்தான் ஆக வேண்டும். மே மாதம் என்றால் விடியற்காலையில் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜும் ஓடக்கூடாது. ஒரு விஷயம், பிரிட்ஜை அணைக்கும்போது உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பிரிட்ஜைத் திரும்பப் போடவும் நினைவு வரும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது சார்ஜர் வழியாக "ம்ம்ம்" என்று மெல்லிய முனகலாக ஒலியில் ஏறிவிடும்.

மைக்கிலிருந்து வாய்க்கு ஒரு சாண் தூரம் இருக்கட்டும். மிக அருகில் போனால் குரலில் அடித்தொனி அதிகமாகிவிடும், விலகினால் அறையின் ஒலி அதிகமாகும். "ப" வரும் இடங்களில் வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி "தொப்" என்று கேட்கும். இதைத் தடுக்கக் கடையில் பாப் பில்டர் கிடைக்கும். எம்ப்ராய்டரி போடும் வளையத்தில் மெல்லிய துணியை இழுத்துப் பூட்டி மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்தினாலும் அதே வேலையைச் செய்யும்.

இனி பதிவு

விண்டோஸில் இரண்டு விஷயங்களை முதலில் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்ரோபோனுக்கு அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் ஆடாசிட்டியில் பாட்டு பதிவாகாது. இரண்டாவது, சவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருப்பதை ஆப் செய்யுங்கள். இரைச்சலைக் குறைக்க வந்த வசதி அது. மீட்டிங்கில் பேசுவதற்கு ஏற்றது. ஒரே சுரத்தில் நீட்டிப் பாடினால், அதை ஏதோ மெஷின் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். ஆலாபனையில் பாதி காணாமல் போகிறது என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆடாசிட்டியில் மேலே உள்ள ஆடியோ செட்டப் பட்டனை கிளிக் செய்து, ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கார்டிங் சேனல்ஸ் மோனோவில் இருக்கட்டும். ஒரு வாய், ஒரு மைக், இதற்கு ஸ்டீரியோ எதற்கு? இடத்தை இரண்டு மடங்கு அடைத்துக்கொள்ளும், பயன் ஒன்றும் இல்லை.

இப்போது கண்ட்ரோல் + எஸ் அழுத்தி புராஜெக்டுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பாடுவதற்கு முன்பே சேமிக்கச் சொல்கிறேன். ஏன் என்று ஒரு தடவை கரண்ட் போனால் தெரியும்.

ஆர் கீயை அழுத்தினால் பதிவு தொடங்கும், ஸ்பேஸ் பாரை அழுத்தினால் நிற்கும். முதலில் ஒரு ஒத்திகை. பாட்டிலேயே மிக உச்சத்தில் வரும் அடியைப் பாடச் சொல்லுங்கள். மைக் படம் போட்ட மீட்டரைக் கவனியுங்கள். உச்சத்திலும் மைனஸ் 12இலிருந்து மைனஸ் 6க்குள் நிற்க வேண்டும். தாண்டினால் மைக்கின் அளவைக் குறையுங்கள். மெதுவாகக் கேட்கிறதே என்று ஏற்றாதீர்கள், ஹெட்போனின் வால்யூமை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் பாடுவதைவிட நிஜப் பதிவில் எல்லோரும் சத்தமாகத்தான் பாடுவார்கள். அந்த உற்சாகத்துக்கு ஒதுக்கி வைக்கும் இடம்தான் இந்த 6 டெசிபல். வியூ மெனுவில் ஷோ கிளிப்பிங் என்பதை டிக் செய்து வைத்தால், அலை சீவப்பட்ட இடங்களில் சிவப்புக் கோடு காட்டும். ஆடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட் ப்ளோட் என்ற முறையில் எண்களை வைத்துக்கொள்கிறது, அதில் உச்சி என்பதே இல்லை, அதனால் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். சீவுவது மைக்கின் சிப். ஆடாசிட்டிக்கு வந்து சேருவதே தட்டையான அலைதான்.

நிஜப் பதிவைத் தொடங்கியதும் பத்து நொடி யாரும் பேசாமல், அசையாமல் இருங்கள். அந்த அமைதி பின்னால் தேவைப்படும். பிறகு பாடச் சொல்லுங்கள். நடுவில் தப்பினால் நிறுத்த வேண்டாம். இரண்டு அடி முன்னாலிருந்து திரும்பப் பாடினால் போதும், பின்னால் வெட்டிக்கொள்ளலாம். வயதானவர்கள் என்றால் முதல் தடவையே பதிவில் இருக்கட்டும், "இது சும்மா ஒத்திகை" என்று சொல்லிக்கொண்டே ஓட விடுங்கள். அப்பத்தா மைக்கைப் பார்த்து, "ஏய்யா, இந்தக் குழாய்கிட்டயா பாடச் சொல்ற? இதுக்கு என்னய்யா தெரியும்?" என்றார். நான் மைக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "எனக்குப் பாடுங்க அப்பத்தா" என்றதும்தான் குரல் வந்தது.

இது இரண்டாம் தடவை போனபோது. முதல் பதிவு கெட்டுப்போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் அதற்கு நேரம் வாய்த்தது. அளவெல்லாம் சரியாக வைத்து, சுத்தமாகப் பதிவு செய்தேன். தாலாட்டில், மாமன் சீர் கொண்டு வரும் இடம் வந்தது. அங்கே நான்கு அடிகள் அப்பத்தாவுக்கு நினைவுக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தார், "அது போயிருச்சுய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார். அந்த நான்கு அடி இப்போது இருக்கும் ஒரே இடம் என்னுடைய கெட்டுப்போன பைல்தான்.

ஒன்றின் மேல் ஒன்றாக

ஸ்டூடியோவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாட வேண்டும் என்ற அவசியம் இப்போது இல்லை. முன்பு அப்படி இல்லை. பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் லண்டனில் பதிவானது. அந்த டேப்பில் இருந்தது இரண்டே டிராக். 1967இல் அவர்கள் சார்ஜென்ட் பெப்பர்ஸ் ஆல்பத்தைச் செய்தபோது கையில் இருந்தவை நான்கு டிராக் மெஷின்கள். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினின் டேப்புக்கு மாற்றுவார்கள், அங்கே காலியாக உள்ள டிராக்குகளில் அடுத்த வாத்தியத்தைப் பதிவார்கள். ஒருமுறை கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க வழியில்லை. உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருபது முப்பது டிராக்குகள் சாதாரணம். மோனோ டிராக் ஒன்று, ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டு, ஐந்து டிராக் என்றால் 200 எம்பிதான்.

என் சித்தப்பா மகன் டோலக் வாசிப்பான். அப்பத்தாவின் நடவுப் பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அவன் வாசிக்க வேண்டும், அது தனி டிராக்கில் பதிவாக வேண்டும். இதற்கு ஷிப்ட் + ஆர். பழைய டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே புதிய டிராக் பதிவாகும். ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டு வாசித்தால், அப்பத்தா குரல் டோலக் மைக்கிலும் ஏறிவிடும்.

பதிவு முடிந்து கேட்டால் டோலக் கொஞ்சம் பிந்தி அடிப்பது போலத் தோன்றலாம். வாசித்தவர் மேல் கோபப்படாதீர்கள். ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வெளியே வரவே சிறிது நேரம் ஆகிறது. இதுதான் லேட்டன்ஸி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதாவது 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது போல. கச்சேரி மேடையில் அது சகஜம். 100 மில்லி செகண்ட் என்றால் முப்பத்து நான்கு மீட்டர், தெருக்கோடியிலிருந்து தாளம் போடுவது மாதிரி. ஆடாசிட்டி இதை ஓரளவு தானே கழித்துவிடுகிறது. பிரிபரன்சஸில் லேட்டன்ஸி காம்பன்சேஷன் என்ற பெட்டியில் உள்ள எண்தான் அது. உங்கள் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு என்று அளப்பதும் எளிது. ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் ஒன்றை உருவாக்குங்கள். ஹெட்போனை மைக்கோடு ஒட்டி வைத்து, ஷிப்ட் + ஆர் அழுத்தி அந்த "டக் டக்"கைப் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மேல் டிராக்குக்கும் கீழ் டிராக்குக்கும் எத்தனை மில்லி செகண்ட் வித்தியாசம் என்று தெரியும். அந்த அளவு பெட்டியில் உள்ள எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். அவசரம் என்றால் டிராக்கின் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து நகர்த்தியும் விடலாம்.

இந்த ரிதம் டிராக்கைக் காதில் போட்டுக்கொண்டு பாட வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களிலும் எழுதியிருக்கும். சினிமாப் பாட்டுக்குச் சரி. நாற்று நடும்போது பாடிப் பழகிய ஒருவரிடம் அதைக் கொடுக்காதீர்கள். அவர் தாளம் கைக்கும் முதுகுக்கும் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. அப்பத்தா மூச்சு வாங்கும் இடத்தில் டோலக் காத்திருக்கட்டும் என்று தம்பியிடம் சொன்னேன். மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டான்.

மிக்ஸிங்

எல்லா டிராக்கும் சேர்ந்து ஓடும்போது யார் முன்னால், யார் பின்னால், யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்வதுதான் மிக்ஸிங். எபெக்ட்டுகளை உடனே போடத் தொடங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு டிராக்கின் இடது ஓரத்திலும் வால்யூமுக்கு ஒரு ஸ்லைடரும், இடம் வலம் மாற்ற ஒரு ஸ்லைடரும் இருக்கின்றன. இந்த இரண்டை மட்டும் வைத்து அரை மணி நேரம் உழைத்தால் முக்கால் பங்கு மிக்ஸிங் முடிந்துவிடும். குரலை நடுவில் வையுங்கள். டோலக்கைச் சற்று இடப்பக்கம், கீபோர்டு அல்லது சுருதிப் பெட்டியைச் சற்று வலப்பக்கம். எந்த டிராக்கையும் ஏற்றுவதைவிட மற்றதைக் குறைப்பதே நல்லது. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே போனால் எல்லாம் சேர்ந்து மீண்டும் 0 டெசிபலில் போய் முட்டும்.

அடுத்து குரலைச் சுத்தம் செய்யலாம். பத்து நொடி அமைதி என்றேனே, அந்தப் பகுதியை மவுஸால் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷனைத் திறந்து கெட் நாய்ஸ் புரொபைல் என்பதை கிளிக் செய்திடுங்கள். இதுதான் இரைச்சல் என்று ஆடாசிட்டி தெரிந்துகொள்ளும். பிறகு முழு டிராக்கையும் தேர்ந்தெடுத்து அதே எபெக்ட்டைத் திரும்பத் திறந்து, 6 டெசிபல் வைத்து ஓகே கொடுங்கள். ஆசைப்பட்டு 20, 30 என்று ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். எங்கள் பதிவில் பின்னால் ஒரு சேவல் இரண்டு முறை கூவுகிறது. அதை நான் தொடவே இல்லை.

ஹைபாஸ் பில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்துக் குரல் டிராக்குக்கு மட்டும் போடுங்கள். தரை அதிர்வும் "ப" சத்தமும் போய்விடும். டோலக்குக்குப் போட்டுவிடாதீர்கள், அதன் உயிரே அங்கேதான் இருக்கிறது. குரலும் வாத்தியமும் ஒன்றோடொன்று மோதுவது போல இருந்தால், வாத்திய டிராக்கில் ஈக்வலைசரைத் திறந்து 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். சொற்கள் தெளிவாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான், அங்கே குரலுக்கு வழி விட்டால் போதும்.

கம்ப்ரஸர் என்றால் பலருக்குக் குழப்பம். ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். த்ரெஷோல்டு மைனஸ் 18, ரேஷியோ 3 என்று வைக்கிறீர்கள். ஒரு இடத்தில் குரல் மைனஸ் 6க்கு ஏறுகிறது. அதாவது எல்லையைவிட 12 டெசிபல் அதிகம். கம்ப்ரஸர் அந்த 12ஐ மூன்றால் வகுத்து 4 ஆக்கும். குரல் மைனஸ் 14இல் நிற்கும். எல்லைக்குக் கீழே உள்ள மெல்லிய ஒலியைத் தொடாது. இப்படி உச்சிகள் அடங்கியபின் மொத்தக் குரலையும் உயர்த்தினால், முணுமுணுப்பாகப் பாடிய அடியும் தெளிவாகக் கேட்கும். ரேஷியோவை 8, 10 என்று ஏற்றினால் பாடியவரின் உணர்ச்சியும் சேர்ந்து தட்டையாகிவிடும். தாலாட்டுக்கு நான் 2 மட்டும் வைத்தேன்.

எதிரொலியைக் கடைசியாகச் சேருங்கள். போர்வை கட்டித் துரத்திய எதிரொலியை இப்போது ஏன் சேர்க்க வேண்டும்? அது உங்கள் அறையின் எதிரொலி, இது நீங்கள் விரும்பும் அளவு, விரும்பும் அறை. குரல் டிராக்கைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + டி அழுத்தினால் இன்னொரு பிரதி வரும். பிரதிக்கு ரிவெர்பைப் போடுங்கள், வெட் ஒன்லி என்பதை டிக் செய்யுங்கள். அந்த டிராக்கில் இப்போது எதிரொலி மட்டும் இருக்கும். அதன் வால்யூமை முழுக்க இறக்கி, மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதிரொலி இருக்கிறது என்று காதுக்குத் தெரியும் இடம் வந்ததும் சற்றுக் குறைத்து நிறுத்துங்கள்.

முடிந்ததும் மறுநாள் காலை கேட்டுப் பாருங்கள். அன்றே கேட்டால் காது களைத்திருக்கும், எல்லாம் நன்றாகவே தோன்றும். ஹெட்போனில் மட்டும் கேட்காமல் போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதில்தான் கேட்கப் போகிறார்கள்.

சேமிப்பது

எக்ஸ்போர்ட் செய்யும்போது இரண்டு பைல் எடுங்கள். 24 பிட் வேவ் பைல் ஒன்று, அது வீட்டில் இருக்க. எம்பி3 ஒன்று, வாட்ஸ்அப்பில் அனுப்ப. சிடி தர வேவ் பைல் நொடிக்கு 1,411 கிலோ பிட், எம்பி3 அதிகபட்சம் 320. நடுவில் உள்ளதைக் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுத் தூக்கி எறிந்துவிடுகிறது. எறிந்தது திரும்ப வராது என்பதால், எம்பி3யைத் திறந்து மிக்ஸிங் செய்து மறுபடி எம்பி3யாகச் சேமிக்கும் வேலை வேண்டாம். எக்ஸ்போர்ட்டுக்கு முன் நார்மலைஸ் எபெக்ட்டில் மைனஸ் 1 டெசிபல் வைத்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் பைலையும் அழிக்காதீர்கள், அதில்தான் டிராக்குகள் தனித்தனியாக இருக்கின்றன. இவற்றை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், உறவினர் யாராவது ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பிரதி எடுத்து வையுங்கள். கெட்டுப்போன பதிவு என்றாலும் சேர்த்தே வையுங்கள். என் கதையில் அதுதான் உதவிற்று.

அந்த நான்கு அடிகளைப் பழைய பைலிலிருந்து வெட்டி எடுத்தேன். முதலில் வால்யூமை 10 டெசிபல் குறைத்துவிட்டு, கிளிப் பிக்ஸ் என்ற எபெக்ட்டைப் போட்டேன். சீவப்பட்ட தலைகளின் இருபுறமும் உள்ள சரிவைப் பார்த்து, உச்சி இப்படித்தான் இருந்திருக்கும் என்று வளைவாக வரைந்து தரும் அது. மேலே வளர இடம் வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் வால்யூமைக் குறைத்தது. கரகரப்பு பாதி குறைந்தது. மீதி இருக்கிறது. புதிய பதிவின் நடுவே, அப்பத்தா "போயிருச்சுய்யா" என்ற இடத்தில் அதை ஒட்டினேன். இரண்டு பதிவிலும் சுருதி வேறு வேறு. சேஞ்ச் பிட்ச் போட்டுச் சரி செய்யலாம் என்று பார்த்தால் குரல் அப்பத்தா மாதிரி இல்லை. அதனால் அதை விட்டுவிட்டேன். கேட்பவர்களுக்கு ஒட்டுப் போட்டது தெரியும். சொற்களும் தெரியும்.

ஊருக்குப் போய் அப்பத்தாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். தாலாட்டை முழுக்கக் கேட்டார். மாமன் சீர் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். பிறகு நடவுப் பாட்டு. "இவன் கொட்டு என்னைய முந்துதுய்யா, கொஞ்சம் அமத்து" என்றார். டோலக்கை 2 டெசிபல் குறைத்தேன். "இன்னும்" என்றார். மூன்றில் வைத்தேன்.